ஈப்போவில் நான் மிதிக்காத படி

அக்கா,

போன வாரம் புது பாஸ்போர்ட் தபாலில் வந்தது. பழையதன் அட்டை ஓரத்தை வெட்டி, விண்ணப்பிக்கப் போன இடத்திலேயே கையில் கொடுத்துவிட்டார்கள். இன்று அதைப் பீரோவில் வைக்க எடுத்தவள் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினேன். பத்து வருஷப் புத்தகம். மலேசியா போய் வந்த முத்திரையைத் தவிர மற்றதெல்லாம் வெள்ளைத் தாள். காலாவதி ஆகப் போகுது என்று மகள் பிடித்த பிடியில் புதுப்பித்தேனே தவிர, இனி நான் எந்த ஊருக்குப் போகப் போகிறேன்? நீங்கள் இல்லாத ஈப்போவுக்கா?

நாம் பேச ஆரம்பித்ததே ஒரு ஜாக்கெட்டின் அக்குள் சுருக்கத்தில்தான். தையல்காரர்களுக்கென்று போனில் ஒரு குழு. அதில் நீங்கள் படம் போட்டு, கை தூக்கினால் ஜாக்கெட் மேலே ஏறுகிறது, என்ன தப்பு என்று கேட்டிருந்தீர்கள். ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். என் வாய்தான் சும்மா இருக்காதே. "வெட்டுனதே தப்பு. பிரிச்சு அங்கிட்டு வச்சுட்டு வேற துணியில முதல்லேருந்து வெட்டுங்க" என்று எழுதினேன். வேறு யாராவது என்றால் கோபித்துக்கொண்டு போயிருப்பார்கள். நீங்கள், "இவ்ளோ கோவமா சொல்ற ஆளு நல்ல டைலராத்தான் இருக்கணும்" என்று பதில் போட்டீர்கள்.

அப்புறம் நான்கு வருஷம். காலையில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு நான் மிஷினில் உட்காரும் நேரம், உங்கள் வாய்ஸ் மெசேஜ் வந்து கிடக்கும். பேச்சுக்கு நடுவில் உங்கள் மிஷின் ஓடும். உங்கள் முகத்தைப் பார்க்குமுன்னே அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். "பசியாறிட்டியா தங்கச்சி?" என்றுதான் ஆரம்பிப்பீர்கள். கூடப் பிறந்தவர்கள்கூட என்னை அப்படித் தினம் கேட்டதில்லை.

உங்கள் தாத்தா புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர் என்பீர்கள். எந்தக் கிராமம் என்று தெரியாது. சொல்லி வைக்க வேண்டியவர்கள் சொல்லாமலே போய்விட்டார்கள். அதனால் நான் இருக்கும் திருக்கோகர்ணத்தையே உங்கள் ஊராக ஆக்கிக்கொண்டீர்கள். என் வாய்ஸில் டவுன் பஸ் ஹாரன் கேட்டால்கூட இரண்டு தடவை போட்டுக் கேட்பேன் என்றீர்கள். ஒருநாள், "எங்க தெருவுல எல்லா வீட்டுக்கும் ஊர்லேருந்து யாராச்சும் வந்து போறாங்க. என் வீட்டுக்கு இந்த அறுபது வருஷத்துல ஒரு சொந்தம் வந்ததில்ல" என்று சொன்னீர்கள். நான் வருவேன் என்று சொன்னேன். வாய் சொல்லிவிட்டது, போக வழி இருக்கவில்லை.

வழி வந்த விதம்தான் பாழாய்ப் போனது. மலேசியாவிலேயே கிள்ளானில் குடும்பத்தோடு இருந்த என் தம்பி வேலை செய்த இடத்திலேயே விழுந்து போய்ச் சேர்ந்தான். நான் விமானம் ஏறியது அவன் சாவுக்கு. முகம்கூடப் பார்க்கக் கிடைக்கவில்லை, கருமாதிக்குத்தான் இருந்தேன். பதினாறு முடிந்து ஊர் திரும்ப இரண்டு நாள் இருந்தது. இவ்வளவு தூரம் வந்து உங்களைப் பார்க்காமல் போக மனசு கேட்கவில்லை. ஈப்போவுக்கு ரயிலில் வாரேன், பார்த்துட்டுப் போறேன் என்று செய்தி அனுப்பினேன்.

நான் நினைத்தது ஸ்டேஷனில் பார்ப்பது. துக்கத்துக்கென்று கிளம்பின கால், தன் வீட்டுப் படியை மிதித்த பிறகுதான் இன்னொரு வீட்டுப் படியை மிதிக்கும். எங்கள் பக்கம் இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை, சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நம்ம சனம்தானே, உங்களுக்குச் சொல்லியா தெரியணும் என்று இருந்துவிட்டேன். ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை.

ஸ்டேஷன் வாசலில் உங்களைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை அக்கா. உங்கள் அளவு எனக்கு மனப்பாடம். கை சுற்று பன்னிரண்டரை இஞ்ச். நான் தைத்துத் தபாலில் அனுப்பிய நீல ஜாக்கெட்டைத்தான் போட்டிருந்தீர்கள். கை அதற்குள் ஆடியது. பத்துகூடத் தேறாது. இடுப்பில் ஊக்கு குத்திப் பிடித்திருந்தீர்கள். கட்டிப் பிடித்தபோது முதுகெலும்பு என் விரலில் தட்டியது. "என்னக்கா இது?" என்றேன். "சுகரு" என்றீர்கள். வாடகைக் காரில் ஏறின பிறகு என் முகத்தைப் பார்க்காமல், வெளியே பார்த்துக்கொண்டு, "வயித்துல கட்டி. ஆப்பரேஷன் ஆயிருச்சு. மருந்து ஏத்துறாங்க. உங்கிட்ட சொன்னா நீ காலங்காத்தால அழுதுகிட்டு ஒக்காந்திருப்பே" என்றீர்கள்.

கார் நின்ற இடம் உங்கள் வீடு. பச்சைக் கேட். நீங்கள் இறங்கி, கேட்டை முழுசாகத் திறந்துவிட்டு, "வா தங்கச்சி" என்றீர்கள். பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஊர்லேருந்து வந்துட்டாங்களா?" என்று கேட்டார். தெருவுக்கே சொல்லி வைத்திருந்தீர்கள். நான் ரோட்டிலேயே நின்றேன்.

"அக்கா, நான் உள்ள வரக்கூடாது."

"பதினாறு முடிஞ்சிருச்சுல்ல?"

"முடிஞ்சாலும். எழவுக்கு வந்த காலு அக்கா. நான் வீடு போய்ச் சேந்தப்புறம்தான்."

"அதெல்லாம் நான் பாக்க மாட்டேன், வா."

"நீங்க பாக்காட்டி என்ன, நான் பாப்பேன்ல. இந்த ஒடம்போட இருக்கீங்க. வேணாங்க்கா."

நல்ல உடம்போடு இருந்திருந்தால் ஒருவேளை தாண்டியிருப்பேன். அந்தக் கையைப் பார்த்த பிறகு எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தம்பியை வாரிக்கொண்டு போனது என் காலைப் பிடித்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டால்? எத்தனை பேர் சிரித்தாலும் அன்று எனக்கு அப்படித்தான் இருந்தது. என் பிடிவாதத்தை நீங்கள் நான்கு வருஷமாகக் கேட்டவர். மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. "இரு, வர்றேன்" என்று உள்ளே போனீர்கள். திரும்பி வரும்போது முகத்தைக் கழுவியிருந்தீர்கள். கேட்டைச் சாத்திவிட்டு என்னைத் தெருமுனைக் கடைக்கு அழைத்துப் போனீர்கள்.

அங்கே டீ குடித்தோம். ஒரு மணி நேரம் பேசினோம். என்ன பேசினோம் என்று எவ்வளவு யோசித்தாலும் எனக்கு வரவில்லை. வீட்டில் என்ன சமைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. ரயில் ஏற்றிவிடும்போது, "அடுத்த தடவை நல்ல காரியத்துக்கு வா. நேரா வீட்டுக்கு வா" என்றீர்கள். வாரேன் என்றேன். அடுத்த தடவை என்று ஒன்று இல்லை என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

திருக்கோகர்ணம் வந்து என் வீட்டுப் படியை மிதித்தேன். தலைக்கு ஊற்றினேன். முறைப்படி எல்லாம் செய்தேன். உங்கள் வாய்ஸ் வந்தபடிதான் இருந்தது. அதில் மிஷின் சத்தம் நின்றது, பிறகு குரல் குறைந்தது, பிறகு "பசியாறிட்டியா" மட்டும் வந்தது. நான்காம் மாசம் அதுவும் இல்லை.

நான் மிதிக்காத வீட்டுக்குள்ளும் சாவு வந்துதானே போனது அக்கா? அதற்கு என் கால் தேவைப்படவில்லை. உங்களுக்குத்தான் தேவைப்பட்டது. ஆறுதல் சொல்ல வருகிறவர்களிடம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அவங்க மேல உள்ள அக்கறையிலதானே செஞ்சீங்க என்கிறாள் மகள். அக்கறையாம். வாசல் வரை வந்து திரும்பினவளுக்கு அக்கறை ஒரு கேடு.

உங்கள் மகன் கூப்பிட்டது காரியம் எல்லாம் முடிந்த பிறகு. உங்கள் நம்பரிலிருந்து வந்ததால், ஒரு நொடி நீங்கள்தான் என்று நினைத்துவிட்டேன். "சின்னம்மாங்களா?" என்றான். என்னை யாரும் அப்படி அழைத்ததில்லை. விஷயத்தைச் சொன்னான். ஜொகூரில் வேலை, கடைசி மாசம்தான் கூட இருக்க முடிந்தது என்று சொல்லி அழுதான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான்:

"நீங்க வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போன அன்னிக்கு அம்மா எனக்குப் போன் பண்ணி ரொம்ப நேரம் பேசுனாங்க. கடைசி வரைக்கும் வர்றவங்க எல்லார்கிட்டயும் அதத்தான் சொன்னாங்க. கோழி காரமா போச்சோ, தங்கச்சி சொல்லாம சாப்பிட்டுட்டுப் போயிட்டாளோன்னு அதே கவலை அவங்களுக்கு. காரமாவா இருந்துச்சு சின்னம்மா?"

அன்று கோழி வைத்திருந்தீர்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"இல்ல தம்பி, சரியாத்தான் இருந்துச்சு" என்றேன். "ரெண்டாந்தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்."

அவன் அழுகையோடு லேசாகச் சிரித்தான். அம்மா கேட்டிருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க என்றான்.

உங்கள் கைச்சோறு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது அக்கா, இனித் தெரியவும் போவதில்லை. ஆனால் யார் கேட்டாலும், சாகும்வரை, சாப்பிட்டேன் என்றுதான் சொல்வேன்.