உனக்குக் கிடைக்காத திராட்சரசம்

இன்று காலை ஜாடியின் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தேன். வீடு முழுக்க உன் வாசனை. கறுப்புத் திராட்சையும் சர்க்கரையும் கிராம்பும் வாரக்கணக்கில் ஊறினால் எழும் அந்தப் புளிப்பு வாசனை. கீழ்வீட்டு வங்காளப் பெரியம்மா, நம் மாஷிமா, வழக்கம்போலப் படியில் நின்று மூக்கைச் சுளித்தாள். நான் வீட்டுக்குள் சாராயம் காய்ச்சுகிறேன் என்ற சந்தேகம் அவளுக்கு இன்னும் தீரவில்லை. உன் ஜாடிதான். நீ குழாயில் இடித்துச் சில்லு பெயர்த்த விளிம்பு அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சபையில் திருவிருந்து, அப்பத்தோடு கொடுக்க இந்தத் திராட்சரசம்தான். வடிகட்ட உட்கார்ந்தவள் பாதியில் எழுந்து இதை எழுத வந்துவிட்டேன். நேற்று நான் செய்துவிட்டு வந்த காரியத்தை முதலில் உன்னிடம் சொல்ல வேண்டும்.

நம் சபையை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்புத்தான் வருகிறது, நல்ல சிரிப்பில்லை. காளிகாட் சந்து ஒன்றில் சங்கு வளையல் கடைக்கும் இனிப்புக் கடைக்கும் நடுவே ஒரு கூடம். வாசலில் லுத்தரன் தமிழ்ச் சபை என்று ஒரு பலகை. ரயில்வேக்கும் துறைமுகத்துக்கும் வங்கிக்கும் மாற்றலாகி வந்த குடும்பங்கள். ஊரில் இருந்தவரை பிரசங்கம் முடியும் நேரம் பார்த்து ஆராதனைக்கு வந்தவர்கள், ஹௌராவில் ரயிலை விட்டு இறங்கியதும் சபையின் தூண்களாகிவிடுவார்கள். பிள்ளைகள் தமிழ்ப் பாட்டை வங்க எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு அர்த்தம் புரியாமல் பாடும். பெற்றவர்கள் அதே பாட்டைத் தமிழ் எழுத்தில் பார்த்து அர்த்தம் புரியாமல் பாடுவார்கள்.

இந்தக் கூட்டத்தில் லுத்தரன் என்றால் என்ன என்று படித்துத் தெரிந்துகொண்டவள் நீ ஒருத்திதான். கார்டன் ரீச் ரயில்வே கணக்குப் பிரிவில் பகல் முழுக்க அடுத்தவர் தப்பைத் திருத்திவிட்டு, வீட்டுக்குப் போய் ஞானோபதேச வினாவிடையையும் தடித்தடியான விசுவாச அறிக்கைகளையும் விரித்து உட்காருவாய். நான் துறைமுக அலுவலகத்திலிருந்து அதே பஸ்ஸில் ஏறுவேன். ஜன்னல் சீட் உனக்கு, உன் உபதேசம் எனக்கு. மனிதன் செய்யும் எதையும் காட்டிக் கடவுளிடம் பேரம் பேச முடியாது, எல்லாம் கிருபை, விசுவாசித்தால் போதும் என்பதை நீ எத்தனை விதமாகச் சொல்லியிருப்பாய். அப்படியானால் எதற்கு இந்த வெயிலில் கோயிலுக்கு அலைய வேண்டும் என்று நான் சீண்டுவேன்.

"எல்லாம் இலவசம்டி. அதான் நம்ம ஆளுங்களுக்குப் பிடிக்கல. இலவசம்னா மட்டமான சரக்குன்னு நினைக்கிறாங்க" என்பாய்.

இலவசம் பிடிக்காதவர்களில் முதல் ஆள் நம் செயலர். அவருக்கு நாம் வைத்த பெயர் டியூப்லைட். புத்தி மட்டு என்பதற்காக மட்டும் வைத்ததில்லை. கூடத்தில் எரிந்த டியூப்லைட் ஒவ்வொன்றிலும் சிவப்பு எழுத்தில் உபயம் என்று போட்டு அவர் பெயரும், அவர் பெயருக்குப் பின்னால் ஓய்வுபெற்ற பதவியும், அதற்கும் பின்னால் மனைவி மக்கள் பெயரும். வெளிச்சத்தில் பாதியை அந்தப் பெயரே தின்றுவிடும். மின்விசிறி இறக்கையிலும் எழுதியிருந்தார். அது சுற்றும்போது படிக்க முடியவில்லை என்று அவருக்கு உள்ளூர வருத்தம். காணிக்கைத் தட்டு கிட்டே வரும்போது தொண்டையைச் செருமுவார், நான்கு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று.

ஓர் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அவர் ஒரு திட்டம் கொண்டுவந்தார். பீடத்துக்குப் பின்சுவரில் சலவைக்கல் பதிப்பது, காணிக்கை கொடுத்தவர்களின் பெயர்களை அதில் வெட்டுவது, கொடுத்தது அதிகமானால் எழுத்தும் பெரிதாக இருக்கும். கைதட்டினார்கள். நீ எழுந்தாய். உன் குரல் எப்போதும் மெல்லிசு, அன்றைக்குக் கடைசி பெஞ்சுவரை கேட்டது.

"மோட்சத்துக்குச் சீட்டு வித்தாங்கன்னு சண்டை போட்டுத்தான் நம்ம சபையே பொறந்துச்சு. இப்ப நாம சீட்டுக்குப் பதிலா சலவைக்கல்லு விக்கிறோம்."

பின்சுவரில் ஒரு சலவைக்கல்லும் ஏறவில்லை. டியூப்லைட் அதை மறக்கவுமில்லை.

அடுத்த வாரம் கமிட்டி உன்னைக் கூப்பிட்டது. நீ அந்தத் தடித்த அறிக்கைப் புத்தகத்தை, பக்கங்களுக்கு நடுவே பஸ் டிக்கெட்டுகளைச் செருகி எடுத்துக்கொண்டு போனாய். துணைக்கு நானும் வந்தேன். நம் சபையின் அஸ்திவாரமே அந்தப் புத்தகம்தான். ஒவ்வொரு போதகரும் அதன்மேல் உறுதி சொல்லித்தான் பீடம் ஏறுகிறார். டியூப்லைட் அதை வாங்கி முன்னட்டையைப் பார்த்தார், பின்னட்டையைப் பார்த்தார், எடை பார்ப்பதுபோலக் கையில் தூக்கிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இதுக்கு நம்ம கமிட்டி அப்ரூவல் இருக்கா?"

நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. பொதுக்கூட்டத்தில் சபையை அவமதித்ததற்காக எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும், கேட்கும்வரை திருவிருந்துக்கு உன் பெயரை ஏற்பதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். கமிட்டியின் ஏழு தலைகளும் ஒன்றாக ஆடின. போதகரும் அங்கேதான் இருந்தார். நாம் எல்லோரும் ஐயர் என்று கூப்பிடும் அந்த நல்ல மனிதர், தன் வீட்டு வாடகையும் தண்ணீர் மோட்டாரும் யார் கையில் இருக்கின்றன என்று தெரிந்தவராக, மேசைவிரிப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

நம் வழக்கம் உனக்குத் தெரியும். திருவிருந்துக்கு வருகிறவர்கள் முன்கூட்டியே ஐயரிடம் பெயர் கொடுக்க வேண்டும். அதன்பிறகும் நீ மாதாமாதம் பெயர் கொடுத்தாய், மாதாமாதம் அவர் தலையைக் குனிந்துகொண்டார். நீ கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாய். மற்றவர்கள் வரிசையாகப் போய் முழங்காலிட்டு வாங்கிக்கொண்டு, உதட்டைத் துடைத்தபடி உன்னைக் கடந்து திரும்பினார்கள். அவர்கள் உதட்டில் இருந்தது நீ செய்த திராட்சரசம். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விலக்கி வைத்த பிறகும் நீ லேக் மார்க்கெட் போய்த் திராட்சை பொறுக்கி, கழுவி, நசுக்கி, ஊறவைத்து, வடிகட்டி, பாட்டிலில் ஊற்றி அனுப்பினாய். வெட்கமில்லையா உனக்கு, அந்த ஜாடியைத் தூக்கி டியூப்லைட் மண்டையில் போடு என்று நான் கத்தினேன். ஐயர் வாய் திறக்காத கோழை, அவர் கையால் வாங்கினால்தான் என்ன, வாங்காவிட்டால்தான் என்ன என்றும் கேட்டேன்.

"தபால்காரன் குடிச்சிருந்தா மணியார்டர் செல்லாமப் போயிடுமா?" என்றாய். கொடுக்கிறவன் யோக்கியனா என்று பார்த்தால் யாரும் எதையும் வாங்க முடியாது, இதுவும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, நசுக்கிய திராட்சைத் தோலை என் கையில் கொடுத்துக் குப்பையில் போடச் சொன்னாய்.

திருவிருந்தை வாங்க யார் தகுதியானவர் என்பதற்கு ஞானோபதேசம் சொல்லும் பதில் உனக்கு மனப்பாடம். உபவாசம் இருப்பதும் குளித்து உடுத்தி வருவதும் நல்லதுதான், ஆனால் பாத்திரத்தை நீட்டும்போது சொல்லும் 'உனக்காக' என்ற சொல்லை நம்புகிறவன்தான் தகுதியானவன். முழு வேதசாத்திரமும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது என்பாய். ஏழு தலைகளில் ஒன்றுக்கும் அது தெரியாது. அவர்களுக்குத் தெரிந்த தகுதி, கூட்டத்துக்குக் கோரம் இருந்ததா, தலைக்கணக்கு சரியா என்பது.

பிறகு நீ படுத்தாய். புற்று ஈரலுக்குப் போய்விட்டது என்று டாக்டர் வங்க மொழியில் என்னிடம் சொன்னபோது, அதைத் தமிழாக்கி உன்னிடம் சொல்ல வேண்டியதில்லை, நீயே கேட்டுக்கொண்டிருந்தாய். ஐயர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஜெபித்தார். அழுதார்கூட. திருவிருந்துப் பாத்திரம் கொண்டுவரவில்லை. செயலர் ஊரில் இல்லை, வந்ததும் கமிட்டியைக் கூட்டிவிடலாம் என்றார். சாகக் கிடக்கிறவளுக்குக் கமிட்டி! அவர் படி இறங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு உன்னிடம் சொன்னேன், ஜாடி என் வீட்டில்தான் இருக்கிறது, நானே கொண்டுவந்து கொடுக்கிறேன் என்று.

நீ தலையை ஆட்டினாய். ஆபத்துக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், திருவிருந்து அப்படியில்லை, ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது என்றாய். உன் பிடிவாதத்தைப் பார்த்து அன்றைக்கு உன்மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. எந்த ஒழுங்கு உன்னை வெளியே தள்ளியதோ அதற்கே வக்காலத்து வாங்கினாய். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"ஆனா மன்னிப்பை நீ சொல்லலாம். ஒரு விசுவாசி இன்னொரு விசுவாசிக்குச் சொல்லலாம். சொல்லுடி."

"நான் விசுவாசியான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. உனக்கு என்ன பாவம் மன்னிக்கணும்?"

"அந்த ஆளை மனசுக்குள்ள எப்படியெல்லாம் திட்டியிருக்கேன்னு உனக்குத் தெரியாது. சொல்லு. மூஞ்சி எப்படி இருந்தாலும் பரவால்ல, வார்த்தை சரியா இருக்கணும்."

சொன்னேன். இயேசுவினிமித்தம் உன் பாவங்கள் உனக்கு மன்னிக்கப்பட்டன என்று, ஆபீஸில் சுற்றறிக்கை வாசிக்கிற குரலில். நீ கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டாய், குடிக்கிறவளைப்போலக் கேட்டாய். இரண்டு நாளில் போய்விட்டாய், ஒரு மிடறு திராட்சரசம் இல்லாமல்.

உன் அடக்கத்தன்று டியூப்லைட் ஊரிலிருந்து வந்துவிட்டார். சந்தின் வாசலில் ஆள் உயர ஃபிளெக்ஸ். உன் படம் சின்னது, அஞ்சலி செலுத்துவோரின் படங்கள் பெரியவை. மைக்கைப் பிடித்து உன் நற்கிரியைகளை ஒவ்வொன்றாக வாசித்தார்: இத்தனை வருடம் திராட்சரசம் செய்தது, ஓய்வுநாள் பள்ளி நடத்தியது, சபையின் தூணாக இருந்தது. நற்கிரியையால் யாரும் கரையேறுவதில்லை என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவளின் பெட்டிக்கு முன்னால்! நீ எழுந்து உட்கார்ந்து ஒரு பஸ் டிக்கெட் செருகிய பக்கத்தை அவருக்கு விரித்துக் காட்டியிருக்கலாம்.

இது நடந்து மூன்று வருடம். போன வாரம் அவர் மனைவி போன் செய்தாள். அவருக்குப் பக்கவாதம் வந்து ஆறு மாதமாக சாந்த்ராகாச்சி வீட்டில் படுக்கை. ஐயர் பாத்திரத்தோடு வந்தால் வாயைத் திறக்க மறுக்கிறார். அந்தம்மா குடிக்காமப் போனாங்க, நான் எப்படிக் குடிப்பேன் என்று அழுகிறார். "அக்கா, உங்களைப் பாக்கணுங்கிறார். எதுக்குன்னு சொல்ல மாட்டேங்கிறார்" என்றாள்.

நேற்று போனேன். இரக்கப்பட்டுப் போனேன் என்று நினைக்காதே. பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. பஸ் பாலத்தைத் தாண்டும்போதே ஒரு வாக்கியம் தயாராகிவிட்டது, அதை வாயிலேயே வைத்துக்கொண்டு போனேன். பக்கத்து ரயில்வே யார்டில் பெட்டிகளைக் கோக்கும் சத்தம் அந்த அறைக்குள் இடித்துக்கொண்டே இருந்தது. இடது பக்கம் முழுக்கத் தொய்ந்துபோய், வாய் ஒரு பக்கம் இழுத்து, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டுக் கிடந்தார். தலைக்கு மேல் ஒரு டியூப்லைட். அதில் பெயர் எதுவும் இல்லை.

பேச்சு குழறியது, ஆனால் புரிந்தது. ஐயர் மன்னிப்புச் சொல்லிவிட்டார், நம்ப முடியவில்லை என்றார்.

"அவரு எனக்குப் பயந்தவரும்மா. இத்தனை வருஷமா நான் என்ன சொல்லச் சொன்னேனோ அதைத்தான் சொன்னாரு. அவரு சொல்ற மன்னிப்பு எப்படிச் செல்லும்? உங்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. நீங்க சொன்னா நம்புவேன்."

நான் தயாரித்து வைத்திருந்த வாக்கியம் இதுதான்: எழுத்துமூலம் மன்னிப்புக் கேளுங்கள், பரிசீலிக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வந்த பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று உறைத்தது. அந்த மனிதரின் எச்சிலை என் வாயில் வைத்திருப்பதுபோல இருந்தது. அவரைப்போல ஆவதற்கு என்னால் முடியாது. உன்னைப்போல ஆகவும் முடியாது. வேறு வழியில்லாமல் நீ சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன், அதே சுற்றறிக்கைக் குரலில், அவர் முகத்தைப் பார்க்காமல், சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு.

"எனக்குமா?" என்றார்.

"உங்களுக்குத்தான். இந்த ரூம்ல வேற யாரு இருக்கா?"

அவர் அழுதார். அதைப் பார்க்கப் பிடிக்காமல் எழுந்தேன். அவர் மனைவி டீ கொண்டுவந்தாள், குடிக்கவில்லை. எனக்கு அந்த ஆளை நேற்றும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஆனால் நீ சொன்னபடி வார்த்தை சரியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஐயர் சாந்த்ராகாச்சிக்குப் பாத்திரம் கொண்டுபோகிறார், இந்த முறை வாயைத் திறப்பதாக டியூப்லைட் சொல்லியிருக்கிறாராம். இதோ, மறுபடி வடிகட்ட உட்காருகிறேன். அவருக்கென்று தனியாகச் செய்ய முடிந்திருந்தால் ஒரு கரண்டி சர்க்கரைகூடப் போட்டிருக்க மாட்டேன். நீ எனக்கு விட்டுப்போனது ஒரே ஜாடி.