அன்னம்மாளுக்கும் ஒரு வரி

அக். 11, சனி

விடியற்காலை முதல் தூறல். குடையோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ். கல்லறைத் தோட்டத்தில் கருவேலஞ்செடி வெட்ட ஆள் பேசியாயிற்று. கல்லறைத் திருநாளுக்கு முன் கல் வைத்தே தீருவது.

தாத்தாவின் தாத்தா, ஞானமுத்து உபதேசியார். தெற்கிலிருந்து பெண்டாட்டியோடு நடந்தே வந்து, நம் சபைக்கு முதல் பள்ளிக்கூடம் போட்டவர். பையன்களுக்கு அவர், பெண்பிள்ளைகளுக்கு அன்னம்மாள். காலராவில் இருவரும் ஒருசேர. ஒரே மேடு, பெயரில்லாத செங்கல் மேடு. இத்தனை தலைமுறையில் ஒருவனுக்கும் உறைக்கவில்லை.

எழுத வேண்டியது இருவர் பெயர், செய்த வேலை. அவ்வளவே. உயிரோடு இருக்கிறவன் பெயர் எதற்கு?

பஸ்ஸில் குடையை விட்டுவிட்டேன்.

அக். 14, செவ்வாய்

செல்வராஜ் அண்ணன் போன். பெரியப்பா மகன். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி. என் அம்மா அடக்கத்துக்குக் கடைசியில் வந்து, ஒரு பிடி மண் போடாமல் கார் ஏறியவர். மறக்கவில்லை.

"ஏலே, நீ கல்லு வைக்கப் போறியாம்ல? நானே ஆர்டர் குடுத்தாச்சு. கறுப்புக் கிரானைட்டு. நீ காலேஜ் வாத்தியாரு, பிழை மட்டும் பாத்துச் சொல்லு."

வாட்ஸ்அப்பில் படம். தாத்தா பெயர் பொடி எழுத்து. கீழே 'உபயம்', தங்க நிறத்தில் அவர், அண்ணி, மகன், மருமகள்.

"அன்னம்மாள் எங்கண்ணே?"

"அது யாருலே?"

கல்லே பிழை என்றேன். போனை வைத்துவிட்டார்.

அக். 18, சனி

திருத்த வேண்டிய விடைத்தாள் ஒரு கட்டு. தொடவில்லை. கல்லறைத் தோட்டம் போனால், கல் நட்டாயிற்று! சிமெண்ட் இன்னும் ஈரம்.

அதுவும் கால்மாட்டில். நம் ஆட்களைக் கிழக்கே கால் நீட்டித்தான் வைப்பது, உயிர்த்தெழும்போது கிழக்கே பார்த்து எழுந்திருக்க. தலைக்கல் மேற்கே, எழுத்து மேட்டைப் பார்த்து. இவர் கிழக்கு முனையில் நட்டிருக்கிறார். ஏனென்றால் கேட் மேற்கே; தலைமாட்டில் வைத்தால் வருகிறவனுக்குக் கல்லின் முதுகுதான் தெரியும். உள்ளே வருகிறவன் கண்ணில் முதலில் 'உபயம்' படவேண்டும்.

கொத்தனார்: "கேட்டப் பாத்து வைக்கணும்னு அவியதான் சொன்னாவ சார்."

நேரே போதகர் ஐயா வீடு. கையோடு கூட்டிவந்து காட்டினேன்.

"இத எடுத்துத்தான் ஆகணும் தம்பி. ரெண்டு வீட்டாரும் ஒத்து வாங்க. இல்லாட்டி கல்லே கிடையாது."

முதல் பாதி இனித்தது. இரண்டாம் பாதி, அண்ணன் வீட்டுப் படி ஏறவேண்டும்.

அக். 27, திங்கள்

ஏறினேன். இருவரும் ராஜபாளையம்தான், ஆனாலும் எத்தனையோ வருஷமாகப் போகாத வீடு. அண்ணி காப்பி. சர்க்கரை அதிகம்.

அண்ணி: "பேரு போடாம யாரு கல்லு வைப்பா? கோயில் டியூப்லைட்டுக்கே போடுதாவ."

"தாத்தா கால்மாட்டுல கல்ல நட்டிருக்கு. திருநாளுக்கு சபையே வரும். பாக்கட்டுமா?"

அண்ணன் முகம் சுண்டியது. "அம்புட்டு நல்ல கல்ல தூரப் போடச் சொல்லுதியா?"

"திருப்புங்க. பின்பக்கம் வெட்டுவோம். தலைமாட்டுல சின்னச் சுவர் எழுப்பிப் பதிச்சிரலாம். உங்க பேரு உள்ளயே இருக்கும்."

அண்ணிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "சுவத்துக்குள்ள உபயம்! கர்த்தருக்கு மட்டும் தெரியும்."

அண்ணன் சிரிக்கவில்லை. கிரானைட் கடைக்குப் போன் போட்டார். போனை வாங்கி 'அன்னம்மாள்' என்பதை எழுத்தெழுத்தாக நானே சொன்னேன். இரண்டு தடவை.

மன்னித்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம்.

நவ. 2, ஞாயிறு

நல்ல வெயில். மேற்கு முனையில் கல். இரண்டு பெயரும் ஒரே அளவு. 'சபையில் முதலில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர்கள்.' செவ்வந்தி, மெழுகுவர்த்தி, போதகர் ஜெபம். அண்ணன் எனக்குப் பக்கத்தில்தான் நின்றார்.

முடிந்ததும், மடவார் வளாகம் பக்கமிருந்து வந்த ஒரு அம்மா கல்லை வாசித்துவிட்டுக் கேட்டார். "யாரு வச்சது? உபயமே காணோமே."

அண்ணன் சத்தமாக: "என் தம்பிதான். எல்லாம் அவன் பிடிவாதம்."

சுற்றி நின்றவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். குடும்பத்தார் வைத்தது என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. கேட்க நன்றாக இருந்தது.