வெள்ளைக்காரன் கல்லுல பேரு இருக்கு

சின்னக்கண்ணு,

அம்மா எழுதறேன், நீ சொல்லிக்குடுத்த எழுத்துலதான். நல்லாயிருக்கியான்னு கேக்க எனக்குக் குடுத்து வைக்கல. கூலி நெல்லு கூடக் கொஞ்சம் கேட்டதுக்குப் பண்ணையார் ஆளுங்க உன்னை அடிச்சுக் கொன்னு வர்ற தையோட ஒரு வருசம். இதைக் காளியம்மா அத்தை நம்ம ஊரு வாய்க்கால் கரையில நின்னு உனக்குப் படிப்பா.

நான் தரங்கம்பாடியில கோட்டைக்குப் பக்கத்துல வேலை பாக்கறேன். கவலைப்படாதே, சோத்துக்குக் குறையில்ல. அந்தக் காலத்துல மிளகு வாங்க வந்து இங்கேயே செத்த டேனிஷ்காரங்க கல்லறையில பாசி எடுக்கற வேலை. நேத்து பண்ணையார் வீட்டு அண்டாவைத் தேய்க்கிற மாதிரி செங்கப்பொடி போட்டு ஒரு கல்லைத் தேய்ச்சுட்டேன். மேஸ்திரி ஓடியாந்தாரு.

"ஏம்மா, எழுத்து தேஞ்சுடாதா? இருநூறு வருசமா நிக்கிற பேரு!"

கூட வேலை செய்யற பூவம்மா, "ஆமாங்க, நாளைக்கே அவரு பேரன் தேடிக்கிட்டு வரப்போறான்"னா. எல்லாரும் சிரிச்சாங்க. நான் மட்டும் அந்தப் பேரை விரலால தடவிப் பாத்தேன்.

உன் தலைமாட்டுல நான் நட்ட கல்லைப் பண்ணையார் ஆளுங்க பிடுங்கி வாய்க்கால் மடைக்குப் போட்டுட்டாங்க. சுடுகாட்டையும் சேத்து உழுது நாத்து நட்டுட்டாங்க. வெள்ளைக்காரன் போயி இப்ப நம்ம ஆட்சின்னாங்களேன்னு மூணு தடவை மனு குடுத்தேன். "கணக்குல அங்க சுடுகாடே இல்லையே"ங்கறாரு தாசில்தார்.

காளியம்மா, என் கம்பளியைக் குடுத்தனுப்பு, கடல்காத்து தாங்கல. மேஸ்திரி கூப்பிடறாரு, நிறுத்தறேன்.

படையலுக்கு வந்துடுவேன் சின்னக்கண்ணு. வரப்பெல்லாம் மாத்திப் போட்டுட்டாங்களே, நீ எந்த இடத்துல படுத்திருக்கே?