முப்பத்தொன்றாம் நம்பர் கைக்குட்டை

இதை யாருக்கும் காட்டிவிடாதே. நீ இருக்கும் இடத்தில் காட்டுவதற்கு யாரும் இல்லை என்று தெரியும். ஆனாலும் சொல்லிவிட்டால்தான் எனக்கு எழுத வருகிறது. பெட்டி அறையில் ஒளிந்துகொண்டு, அரிக்கேன் விளக்கின் திரியை இறக்கி வைத்து எழுதுகிறேன். இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் நம் நாயின் வாடை போகவில்லை.

கார்த்திகை மழையில், போர்டிங் பின்சுவரை ஒட்டிய சாக்கடையில் அது கத்திக்கொண்டிருந்தது. நான் தூரத்தில் நின்றேன். நீதான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாய். தேங்காய் அளவுதான் இருந்தது. "இம்புட்டுப் பய, எம்புட்டுச் சத்தம் போடுறான் பாருடி," என்றாய். போர்டிங்கில் நாய் வளர்க்கக் கூடாது என்பதால், யாருக்கும் தெரியாமல் விறகுக் கொட்டகையில் சாக்கை விரித்துப் படுக்கவைத்தோம். மத்தியானம் நம் சோற்றில் ஒரு கை ஒதுக்கி எடுத்துப் போவோம். "மாப்ள, பந்தி போட்டாச்சு, எந்திரிங்க," என்று கூப்பிடுவாய். வால்தான் முதலில் எழும்.

"கோடை லீவுக்குப் பேரையூருக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். எங்கய்யாட்ட கேட்டுட்டேன், ஆட்டுக்கிடைக்குக் காவலா இருக்கட்டும்னாரு," என்றாய்.

"பஸ்ஸுல ஏத்த மாட்டாங்கடி," என்றேன்.

"ஏத்தாட்டி நடந்து போறோம். ஒனக்கென்ன?"

மாசியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றும்போது கைக்குட்டையை என்னிடம் கொடுத்து, "மாப்ளைக்குச் சோறு வச்சியா?" என்று கேட்டாய். வைக்கவில்லை. வைத்தேன் என்றேன். நீ திரும்பி வரவில்லை. அதன்பிறகு நான் ஒரு நாளும் தவறவில்லை.

இந்த வாரம் முனிசிபாலிட்டி நாய் வண்டி நம் தெருவில் சுற்றுகிறது. பிடித்துக்கொண்டு போன நாய் எதுவும் திரும்பியதில்லை. கழுத்தில் பட்டையோ துணியோ இருந்தால் வளர்ப்பு நாய் என்று விட்டுவிடுவார்களாம். இன்று காலை உன் கைக்குட்டையை அதன் கழுத்தில் கட்டினேன். என்னுடையதும் இருந்தது. ஆனால், வெளுக்கப் போடுவதற்காக நம் துணிகளில் எல்லாம் நம்பர் தைத்திருக்கிறதே. என் நம்பரைப் பார்த்தால் என்னைக் கண்டுபிடிப்பார்கள். உன்னை யாரும் தண்டிக்க முடியாது என்று நினைத்துத்தான் உன்னுடையதைக் கட்டினேன்.

வண்டிக்காரர் நாயைத் தூக்கிக்கொண்டு நேரே வாசலுக்கு வந்துவிட்டார். "போர்டிங் நம்பர் போட்டிருக்கு தாயி, அதான் கொண்டாந்தேன்."

சாயங்கால ஜெபத்தில் மேட்ரன் அம்மா கைக்குட்டையை உயர்த்திப் பிடித்தார். "முப்பத்தொண்ணு யாரு?"

கேட்ட பிறகுதான் அவருக்கே நினைவு வந்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் ஆறு இரவு விழித்திருந்தவர் அல்லவா. சின்னப் பிள்ளைகள் அழுதார்கள். நான் ஜெபப் புத்தகத்தில் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு, "காலையில வண்டிக்காரர் திரும்ப வருவாரு. வளத்தவ யாரோ, அதுக்குள்ள வந்து சொல்லட்டும். சொன்னா யோசிப்போம். ஆளில்லாத நாயை நான் வச்சுக்க முடியாது," என்றார்.

சொன்னால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். சமயநல்லூரில் அத்தை ஏற்கெனவே கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறாள். பிள்ளை படிக்கிறாள் என்று சொல்லித்தான் அப்பா தள்ளிப்போட்டு வருகிறார். சொல்லாவிட்டால் விடிந்ததும் அதை ஏற்றிப் போய்விடுவார்கள்.

முதல் நாள் குட்டியை என் கையில் திணித்தாயே, "கடிக்குமாடி?" என்று கேட்டேன். "பயமா இருந்தா பயந்துக்கிட்டே தூக்கு," என்றாய். உன்னிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது அந்தச் சொல் ஒன்றுதான். அன்று தூக்கினேன். பயந்துகொண்டேதான், ஆனாலும் கீழே போடவில்லை.

மேட்ரன் அறை வாசலில் நாயைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். இவ்வளவு நேரம் முனகிக்கொண்டிருந்தது, இப்போது சத்தம் இல்லை. வராந்தாவில் செருப்புச் சத்தம் வருகிறது.

கதவைத் தட்டுகிறார்கள். "உள்ள யாரு? வெளக்கு எரியுதே?"

மேட்ரன் அம்மாதான். பரீட்சைக்குப் படிக்க வந்தேன் என்று சொன்னால் நம்பிவிடுவார். ஆனால், திறந்ததும் முதலில் என் நம்பரைச் சொல்லிவிடுகிறேன்