அப்பா சாட்சிக் கூண்டில் ஏறுமுன்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களுக்குக் கடிதம் எழுதும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பா மேல் வழக்குப் போட்டவர்கள் வீட்டுப் பெண்தானே என்று கிழித்துப் போடாமல் கடைசிவரை படித்தால் போதும். போனில் பேச நினைத்தேன். எனக்குப் பேச வாய் வராது என்பது உங்களுக்கே தெரியும்.

வெளியூர் வேலை பழகிவிட்டதா? எனக்கு இன்னும் வேலை அமையவில்லை. நேர்காணலில் பதில் தெரிந்தும் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் கல்லூரிக்குப் போன முதல் நாள் நீங்கள் கொடுத்த கைப்பையைத்தான் இப்போது நீதிமன்றத்துக்கும் மாட்டிக்கொண்டு போகிறேன். வேறு பை இல்லை. தோளில் உறுத்திக்கொண்டே வருகிறது.

என் அப்பா இப்போது எழுந்து உட்காருகிறார். இடுப்பில் பிளேட் வைத்திருக்கிறார்கள். அம்மா தாங்கிப் பிடித்தால்தான் நடை. "கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்வளவு நேரம் கையப் பிடிச்சதில்ல" என்று சொல்லி அவரைச் சிரிக்கவைக்கிறாள்.

அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தன் அதிகாரியின் வீடான உங்கள் வீட்டு வேலைக்கு வருவதை அப்பா ஒருநாளும் குறையாக நினைத்ததில்லை. "ஐயா வீட்டுச் சாவியே நம்மகிட்டதான்" என்று தெருவெல்லாம் சொல்வார். அன்று உங்கள் மொட்டைமாடித் தொட்டியைக் கழுவும்போது விழுந்தவரை, வேலை நேரத்தில் சொல்லாமல் வெளியே போனவர் என்று அலுவலகம் எழுதிவிட்டது. சிகிச்சைக்குப் பொறுப்பில்லையாம். துறை விசாரணை வந்தால் ஓய்வூதியமும் போகுமாம். அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி கீழே இருப்பவரைச் சொந்த வேலைக்கு அழைப்பதே தவறு, அழைத்த அதிகாரிதான் இழப்பீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றார் எங்கள் வக்கீல். வேறு வழி தெரிந்திருந்தால் வழக்குக்குப் போயிருக்க மாட்டோம் அக்கா.

மனுவைக் கையில் கொடுத்தபோது அப்பா, "ஆபீஸ் மேல போடும்மா, ஐயா பேரை மட்டும் எடுத்திடு" என்று கெஞ்சினார். "ஆபீஸா உங்களைத் தொட்டி மேல ஏத்துச்சு?" என்று அம்மா கேட்டாள். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தான் கூப்பிடாமலே அப்பா பாசத்தில் வந்ததாக ஐயா தன் பதில் மனுவில் சொல்லியிருக்கிறார். போன வாரம் எங்கள் வீட்டுக்கும் வந்தார். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லாம வீடு வீடாவே இல்லப்பா" என்று கண்கலங்கினார். நடிப்பில்லை. பக்கத்தில் நின்று பார்த்தேன். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அவர் போனதும், "நானாத்தான் போனேன்னு கோர்ட்ல சொல்லிடுறேன். உப்பிட்டவரை மறந்தா நான் மனுசனா?" என்றார் அப்பா. அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

விழுந்த அன்று காலை ஐயாவின் போன் வந்தபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதியில் கைகழுவிவிட்டு ஓடினார். லீவுக்கு வந்திருந்த நீங்களும் ஐயா பக்கத்தில்தான் இருந்திருப்பீர்கள்.

உங்களைச் சாட்சிக்கு வரச்சொல்லவில்லை. பெற்றவருக்கு எதிராக நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஐயா உங்கள் பேச்சைத் தட்டமாட்டார். வழக்கு எப்படியோ போகட்டும். அப்பா கூண்டில் ஏறுமுன், "நான்தான் கூப்பிட்டேன்" என்று ஐயாவையே ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள் அக்கா. என் அப்பா பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கும்,
உங்கள் தங்கை