மூன்றாவது பிரதி

முந்தாநாள் காலை லேப்டாப்பைத் திறந்தேன். இனி ஒரு படம்கூடச் சேமிக்க இடமில்லை என்று திரையில் ஒரு கட்டம் வந்து நின்றது. லேப்டாப் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உன் மேல்தான் வந்தது. கடலடியில் எடுத்த படங்களை மலைபோல் குவித்து வைத்துவிட்டு நீ பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாய். கடைவாசலில் நின்று எந்த டிஸ்க் நம்பிக்கையானது என்று விசாரிப்பது என் தலையில் விழுந்தது.

விசாரிப்பது என்றாலே எனக்கு எரிச்சல். அதற்கும் நீதான் காரணம்.

நாம் இருவரும் ஒரே ஆய்வுத் திட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நீ ஏரல் பாத்திரக்கடை வீட்டுப் பெண். ஆற்றில் நீந்தப் பழகிவிட்டு, துணிச்சலாகக் கடலில் மூழ்க வந்தவள். நானோ தூத்துக்குடிக் கடற்கரைக்காரி, என் வீட்டு ஆண்கள் எல்லாரும் கடலில் இறங்கியவர்கள். ஆனால் காதில் கோளாறு இருப்பதால் நான் மூழ்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே நீ கீழே, நான் படகில். முத்துச்சிப்பிகள் பாறையில் கூட்டமாய் ஒட்டிக் கிடக்கும் பார்களைப் பருவத்துக்குப் பருவம் நீ படம் எடுப்பாய். எந்தப் பாரில் சிப்பி பெருகியிருக்கிறது, எதில் அழிந்துவிட்டது என்று அந்தப் படங்களை வைத்துத்தான் நான் கணக்கெடுப்பேன்.

மேலே ஏறியதும் தலையைக்கூடத் துவட்டாமல் லேப்டாப்பைத் திறந்துவிடுவாய். படகை அலை தூக்கித் தூக்கிப் போடும். லேப்டாப்புக்குள் அந்தப் பழைய ஹார்டு டிஸ்க்கின் தட்டு சுழன்றுகொண்டிருக்கும். ஆட்டத்தில் தட்டில் கீறல் விழுந்துவிடுமே என்று நான் மூடியில் கை வைப்பேன்.

"கரைக்குப் போயி பாத்துக்கிடலாம். மூடி வை."

"சும்மா இருளா. படம் தெளிவா விழுந்திருக்கான்னு இங்கனயே பாக்கணும். மங்கலா இருந்தா திரும்ப இறங்கணும்லா?"

நீ சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால் எரிச்சல் இன்னும் கூடியது.

ஒரு நாள் டிஸ்க்குக்குள்ளிருந்து பல்லி கத்துவது போலச் சத்தம் வர ஆரம்பித்தது. மாற்றிவிடுவோம் என்றேன். நீயும் சரி என்றாய். அன்று பிடித்தது சனி. சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி.தான் வேண்டும் என்பதில் நமக்குள் பேச்சே இல்லை. ஆடுகிற படகில் உள்ளே எதுவும் அசையாத பொருள்தானே தாங்கும்? ஆனால் எந்த எஸ்.எஸ்.டி.? ஒன்று சூடாகிறதாம். இன்னொன்று பாதி நிறைந்ததும் மந்தமாகிவிடுகிறதாம். ஒன்றுக்கு வாரண்டி குறைவு. ஒன்றுக்கு வாரண்டி இருக்கிறது, ஆனால் வாங்கியவர்கள் எல்லாரும் திட்டி எழுதியிருக்கிறார்கள். சூயிங்கம் பட்டை மாதிரி வருகிற புது வகை நம் லேப்டாப்பில் பொருந்தாது என்று தெரிந்துகொள்வதற்கே ஒரு வாரம் போனது. யாரைப் பார்த்தாலும் கேட்டாய். சாப்பிடும்போதும் போனில் அதையே படித்தாய். நான் சோற்றைப் பிசைந்துகொண்டு பல்லைக் கடித்தேன்.

கம்ப்யூட்டர் கடைக்காரரும் ஒருநாள் பொறுமை இழந்தார். "ஏம்மா, நீங்க சாமான் வாங்க வாரீயளா, எனக்குப் பரீட்சை வைக்க வாரீயளா?"

உனக்குக் கொஞ்சம்கூட வெட்கமில்லை. "கடலுக்குக் கொண்டு போற சாமான் அண்ணாச்சி. கெட்டுப்போச்சுன்னா நீங்களா முங்கி எடுத்துத் தருவீய?"

அதுவரை இருக்கிற படங்களையாவது வேறொன்றில் பிரதி எடுத்து வை என்று கெஞ்சினேன். "புதுசு வந்ததும் மொத்தமா மாத்திக்கிடலாம்ளா, எதுக்கு ரெண்டு வேலை?" என்றாய்.

பழைய டிஸ்க் அதுவரை காத்திருக்கவில்லை. ஒரு நாள் படகிலேயே திரை கறுத்துப்போனது. கரைக்கு வந்து கடைக்கு ஓடினோம். புது டிஸ்க்கை அன்றே வாங்கினாய். அது எது தெரியுமா? முதல் நாள் நாம் வாயைத் திறக்கும் முன்பே கடைக்காரர் எடுத்து மேசையில் வைத்த அதே டிஸ்க்! எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அவர் பழையதைக் கழற்றி, வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, கிடைத்ததையெல்லாம் புதியதில் ஏற்றினார். லேப்டாப் கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தது. நீ குழந்தை மாதிரி அதை நிறுத்தி நிறுத்தித் திறந்து பார்த்தாய். அதன் பிறகுதான் கடைசிப் பருவத்துப் படங்களைத் தேடினோம். படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் நிறக் கட்டங்கள்.

கடை என்றும் பாராமல் உன்னைப் பார்த்துக் கத்தினேன். நீ சாவதானமாகச் சொன்னாய்: "கடல் அங்கனதான கெடக்கு. போயி எடுத்துட்டு வருவோம்."

"அந்தப் பருவம் அங்கன கெடக்கா?" என்றேன்.

கடல் அடங்கியதும் போனோம். நீ கீழே இறங்கி வெகுநேரம் ஆயிற்று. மேலே வந்ததும் கண்ணாடியைக் கழற்றினாய். லேப்டாப்பைத் திறக்கவில்லை. போன பருவத்தில் படம் எடுத்த பார் முழுவதையும் மணல் மூடிவிட்டது என்றாய். பல வருடங்களுக்குப் பிறகு அங்கே குஞ்சுச் சிப்பிகள் ஒட்டியிருந்ததை நீதான் பார்த்தாய், நீதான் படம் எடுத்தாய். இப்போது சிப்பியும் இல்லை, படமும் இல்லை.

"இருந்துச்சுளா. என் கண்ணால பாத்தேன். இனி யார்கிட்ட சொல்லி நம்ப வைக்க?"

உன் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். கரை வந்து சேரும் வரை உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திட்டுவதற்கு என்னிடம் எதுவும் மிச்சமில்லை.

அதன் பிறகு நீ இன்னொரு விதமாய் என் உயிரை எடுத்தாய். கரை சேர்ந்ததும் பிரதி எடுக்காமல் ஒரு வாய் டீ குடிக்க விட மாட்டாய். ஒன்று லேப்டாப்பில், இன்னொன்று என் வீட்டு பீரோவில். காய்ச்சல் என்று பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் படுத்தபோதும் அதே பேச்சு.

"மூணாவது ஒண்ணு எடுத்து ஏரல்ல எங்க அண்ணன்கிட்ட குடுளா. ரெண்டையும் ஒரே ஊர்ல வச்சிருக்கோம். தூத்துக்குடில தண்ணி வந்தா என்ன செய்ய?"

"ஏரல்ல மட்டும் வராதா?"

"அங்கன மாடி இருக்குல்லா."

"முதல்ல நீ எந்திரிச்சு வா," என்றேன். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நீ எழுந்து வரவில்லை.

இப்போது வேறொரு பெண் மூழ்குகிறாள். நான் மாதந்தோறும் ஒரு டிஸ்க்கைத் துண்டில் சுற்றி, பைக்குள் வைத்து, ஏரல் பஸ் ஏறுகிறேன். உன் அண்ணன் ஒன்றும் கேட்காமல் வாங்கி மாடியில் வைத்துவிட்டு, போன மாதம் கொடுத்ததைத் திருப்பித் தருவார். இந்தத் தடவை லேப்டாப்புக்குப் பெரிய டிஸ்க் வாங்கி, எல்லாவற்றையும் அதில் ஏற்றி, சரியாக ஏறியிருக்கிறதா என்று பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பார்ப்பதற்காக லேப்டாப்பையும் கொண்டு போனேன். அதைக் கண்டதும் அவர் கேட்டார்.

"இவ்வளவு பத்திரமா வைக்கச் சொல்லிட்டுப் போனாளே, இதுல என்னதாம்மா இருக்கு?"

கடையில் பித்தளைக் குடங்களுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் வைத்துத் திறந்து காட்டினேன். பாறை, பாசி, சிப்பி. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சட்டென்று குனிந்து படத்தின் ஓரத்தைத் தொட்டார். சிப்பியின் அளவு தெரிவதற்காக நீ அடிக்குச்சியைப் பிடித்திருப்பாய் அல்லவா, அந்தக் கை.

"இது அவ கைல்லா? அந்தா பாரு, தழும்பு. சின்னப்புள்ளைல அண்டா விளிம்பு கிழிச்சது."

அடுத்த படத்திலும் உன் கை இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. குடம் வாங்க வந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டு அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது பஸ் வரை வந்தார்.

"அடுத்த மாசமும் இந்தப் பெட்டியக் கொண்டு வாம்மா. மிச்சத்தையும் பாத்திருதேன்."

மிச்சம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். இனி டிஸ்க்கோடு இந்த லேப்டாப்பையும் மாதா மாதம் நான்தான் சுமந்துகொண்டு போக வேண்டும். பஸ்ஸில் உட்கார இடம்கூடக் கிடைப்பதில்லை, தெரியுமா உனக்கு?