எந்தப் பாத்திரம் என்று கேட்ட அத்தைக்கு

என் அன்பான அத்தைக்கு,

நீங்கள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. வருஷத் திதிக்கு முன்னால் உங்கள் புடவைகளை உறவுக்காரப் பெண்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் தகரப் பெட்டியைத் திறந்தேன். சாவி எனக்கு எப்படிக் கிடைத்தது என்றுதானே முதலில் கேட்பீர்கள்? உங்கள் மகன்தான் எடுத்துக் கொடுத்தார். பெட்டியின் அடியில், பச்சைப் புடவைக்குக் கீழே, ஒரு பொருள் இருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து உங்கள் மேல் எனக்குப் புதிதாக ஒரு சந்தேகம்.

சந்தேகம் நமக்குள் புதிதா என்ன? நான் தரும் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பீர்கள். நானும் சளைத்தவள் இல்லை. நீங்கள் போனில் குரலைத் தணித்தால் என்னைப் பற்றித்தான் பேச்சு என்று முடிவு கட்டிவிடுவேன். பாம்பின் கால் பாம்பறியும் என்பார்களே, பதினைந்து வருஷம் ஒரே கூரையின் கீழ் அப்படித்தான் இருந்தோம்.

இதை ஊரறியவே எழுதுகிறேன். ஊருக்குப் பயந்துதானே அன்றைக்கு நீங்களும் அப்படிக் கேட்டீர்கள்?

ஆறு வருஷத்துக்கு முன்னால் அது. உங்கள் மகன் போர்வெல் வண்டியோடு வடக்கே கிணறு தோண்டப் போயிருந்தார். காவ்யாவுக்கு எட்டு வயது. நான் விடிந்ததும் காவலூரில் வேன் ஏறி, ஆலங்காயம் தாண்டி, ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்தேன். மெஷினை விட்டு எழுந்தால் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பார். அந்த மூன்று நாட்களும் பேட் மாற்ற நேரம் கிடைக்காமல் தொடை உரசிப் புண்ணாகிவிடும். வேனில் சீட்டின் நுனியில் உட்கார்ந்து வருவேன்.

பக்கத்து மெஷின் ஷகிலாதான் ஒரு நாள் பிரிக்காத புதுப் பெட்டி ஒன்றைக் கையில் வைத்தாள். உள்ளே மெத்தென்று ஒரு சின்னக் குப்பி, அதன் அடியில் ஒரு காம்பு. மாதவிடாய்க் கப் என்றாள். எனக்கு அவள் மேலேயே சந்தேகம். இவள் ஏன் சும்மா கொடுக்கிறாள்? உள்ளே போனது திரும்பி வராமல் வயிற்றுக்குள் ஏறிவிட்டால் யார் பொறுப்பு?

"அது எங்கயும் போவாதுக்கா. மேல வழி கெடையாது," என்று சிரித்தாள். "மடிச்சு உள்ள வெச்சா அதுவா விரிஞ்சிக்கும். ஒரு விரல வுட்டு சுத்திப் பாரு. மடிப்பு தட்டுச்சுன்னா இன்னும் விரியலன்னு அர்த்தம். பன்னெண்டு மணி நேரத்துக்குள்ள எடுத்து ஊத்திட்டு, கழுவிட்டு, திரும்ப வெச்சிக்கோ."

வைப்பது வந்துவிட்டது. எடுப்பதுதான் வரவில்லை. முதல் நாள் பாத்ரூமில் காம்பைப் பிடித்து இழுக்க இழுக்க அது வழுக்கிக்கொண்டே போனது. வேர்த்துக் கொட்டியது. வெளியே நின்று நீங்கள், "இன்னாம்மா, உள்ளவே குடித்தனம் பண்றியா?" என்று கதவைத் தட்டினீர்கள். இழுக்காதே, அடியை அமுக்கு என்று ஷகிலா சொல்லியிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அடிப்பக்கத்தை விரலால் அமுக்கினேன். பிடி விட்டு வந்துவிட்டது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

சிக்கல் அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு மாதமும் கப்பைக் கொதிக்கிற தண்ணீரில் ஐந்து நிமிஷம் போட்டெடுக்க வேண்டும். எனக்கோ நாள் சொல்லிக்கொண்டு வராது. வந்த பிறகுதான் கொதிக்க வைக்க ஓடுவேன். நம் வீட்டு வழக்கப்படி அந்த நேரத்தில் நான் பின்கட்டில் தனிப் பாயில் இருக்க வேண்டியவள், அடுப்பங்கரையில் கால் வைக்கக் கூடாது. துணியும் இல்லை, பேடும் இல்லை, யாருக்குத் தெரியப்போகிறது என்று உங்களிடம் சொல்லாமலே இருந்துவிட்டேன். கொதிக்க வைத்தேன், சமைத்தேன், வெள்ளிக்கிழமை விளக்கும் ஏற்றினேன். மடியில் கனம் இருந்ததால் வழியில் பயமும் இருந்தது.

நீங்கள் இரண்டு மாதம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தீர்கள். ஒரு நாள் காலை, பேட் எரிக்கிற குழியில் நீங்கள் குச்சியால் சாம்பலைக் கிளறுவதைப் பார்த்தேன். குச்சியோடே உள்ளே வந்தீர்கள்.

"கவுரி, நீ வெளிய ஒக்காந்து எத்தினி நாளாச்சு?"

"எல்லாம் ஒழுங்காத்தான் வருது அத்த."

"வந்தா எங்க? குப்பைல இல்ல, குழில இல்ல." குச்சியைச் சுவரில் சாய்த்தீர்கள். "செல்வம் போயி மூணு மாசம் ஆவுது. நாளைக்கு ஊரு இன்னா கேக்கும்?"

அந்தக் கேள்வியின் சூடு இன்னும் என் முகத்தில் இருக்கிறது, அத்தை. கெட்ட கோபம் வந்தது. ஆனால் என் நிலைமையைப் பாருங்கள். நான் தப்பானவள் இல்லை என்று காட்ட வேண்டுமானால், இரண்டு மாதமாக விலகாமல் உங்களுக்குச் சமைத்துப் போட்டதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு பழியைக் கழுவினால் இன்னொன்று ஒட்டிக்கொள்ளும். பெரிய பழியையே கழுவுவது என்று உள்ளே போய்க் கப் இருந்த துணிப்பையை எடுத்துவந்து உங்கள் முன்னால் நீட்டினேன்.

"இன்னாடி இது? ஆட்டுக்குட்டிக்குப் பால் குடுக்குற ரப்பராட்டம் கீது."

எல்லாவற்றையும் சொன்னேன். ஷகிலாவை, தொடைப் புண்ணை, மடிப்பை, காம்பை. நீங்கள் கப்பைத் தொடவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

"அப்ப வெள்ளிக்கிழம வெளக்கு?"

"ஏத்துனேன்."

என்னை அடிப்பீர்கள் என்றே நினைத்தேன். நீங்கள் கேட்டது வேறு.

"எந்தப் பாத்திரத்துல கொதிக்க வெச்ச?"

"பழைய எண்ணெ டப்பாவுல," என்றேன்.

என் முகத்தைப் பார்த்தீர்கள். காபி குடித்துவிட்டுப் பார்ப்பீர்களே, அதே பார்வை. பிறகு எழுந்துபோய்த் தலைக்குக் குளித்துவிட்டு, வீடெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளித்தீர்கள். அந்த வாரம் முழுக்கப் பால் வேண்டாம் என்று வரக்காபிதான் குடித்தீர்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அவருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தூக்கமே இல்லை. அவர் கூப்பிட்டபோது, நீங்கள் ஏதாவது சொன்னீர்களா என்று கேட்டேன். "அம்மா ஒண்ணும் சொல்லலியே, வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டுச்சாமே?" என்றார். அதையும் நான் நம்பவில்லை. திரும்பி வந்த பிறகு ஒரு மாதம் அவர் முகத்தையே வேவு பார்த்தேன். அவருக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த மாதம் நீங்களே வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள். "காலையில நான் ஆட்ட ஓட்டிகினு போய்டுவேன். அடுப்பங்கரைல இன்னா நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. வெளக்க மட்டும் நான் ஏத்திக்கிறேன்."

என்றைக்கு ஏற்ற வேண்டும் என்று நீங்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த நாட்களில் தீப்பெட்டியை உங்கள் மூக்குக் கண்ணாடிக் கூட்டின் மேல் வைப்பேன். நீங்கள் எடுத்து ஏற்றுவீர்கள். கடைசியாகப் படுக்கையில் விழும்வரை அப்படியே நடந்தது.

இப்போது உங்கள் பெட்டிக்கு வருகிறேன். பச்சைப் புடவைக்குக் கீழே ஆலங்காயத்துப் பாத்திரக் கடைப் பை. அதற்குள் மூடி போட்ட சின்ன எவர்சில்வர் தூக்கு. ஒரு தடவைகூட அடுப்பில் ஏறாதது. கழுத்தில் பேர் வெட்டியிருக்கிறது: கௌரி.

நம் வீட்டுப் பாத்திரங்களில் மாமாவின் பேர் இருக்கிறது. எனக்கு வந்த சீர்ப் பாத்திரங்களில் என் அப்பாவின் பேர். என் பேர் மட்டும் உள்ள பாத்திரம் இது ஒன்றுதான். கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் என் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. எதற்காக வாங்கினீர்கள்? என் மேல் பிரியமா, இல்லை உங்கள் பாத்திரங்களை என்னிடமிருந்து காப்பாற்றவா? பேர் வெட்டினது எனக்கு உரிமை என்றா, வேறு யாரும் அதில் பால் காய்ச்சிவிடக் கூடாது என்றா? வாங்கியவர் ஏன் கொடுக்கவில்லை?

இங்கே ஒரு செய்தி. காவ்யா போன மாசியில் பெரியவளானாள். பேட்தான் வைக்கிறாள். கப்பைக் காட்டினேன், இப்போது வேண்டாம் என்றாள். அவள் இஷ்டம். ஆனால் போன மாதம் ஒரு நாள், அவள் பள்ளிக்கூடம் போன பிறகு, குப்பைக் கூடையைக் கிளறிக்கொண்டு நின்றேன். நாள் தள்ளிப்போகிறதே என்று ஒரு சந்தேகம். பார்த்தால் என் கையில் குச்சி. எனக்கே வெட்கமாகிவிட்டது. அன்றைக்கு உங்களுக்கும் உள்ளுக்குள் இப்படித்தான் பயம் வந்ததா, அத்தை?

இப்போதெல்லாம் எனக்கு நாள் தப்புவதில்லை. கணக்குப்படி உங்கள் திதியும் என் நாளும் சேர்ந்துதான் வருகின்றன. தீப்பெட்டியை எடுக்க நீங்கள் இல்லை. அதனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி குச்சியைத் தொட மாட்டேன், என் பெண்ணிடம் கேட்க வேண்டியதை அவள் முகத்தைப் பார்த்தே கேட்பேன். திதியன்று உங்கள் தூக்கில் கப்பைக் கொதிக்க வைத்துவிட்டு, படையலுக்கு நானே சமைப்பேன், விளக்கையும் நானே ஏற்றுவேன். ஆனால் ஒளித்துச் செய்ய மாட்டேன். உங்கள் படத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டுத்தான் தீக்குச்சியைக் கிழிப்பேன்.

சொல்லிவிட்டுச் செய்வது என்று ஆன பிறகு மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எண்ணெய் டப்பா இல்லை, அத்தை. பால் காய்ச்சுகிற பாத்திரம்தான். அது உங்களுக்குத் தெரியும், இல்லையா?

ஒளிக்க இனி ஒன்றும் இல்லாத,
உங்கள் மருமகள்
கௌரி